முகம் மாறாமல் படிப்பவர்

மருந்துப் பெட்டியைப் பிரித்தால் மாத்திரை அட்டையோடு ஒரு தாள் வரும். பலமுறை மடித்து, எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில். நாம் அதைக் கசக்கி எறிந்துவிட்டு மாத்திரையை விழுங்குகிறோம். அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்துச் சரிபார்ப்பதற்கென்றே சிலருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு பெண் மந்தைவெளியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். நன்றி அதற்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் மூச்சிரைக்கப் படியேறுகிற ஆள்போல, மெதுவாக வரும்.

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். காலையில் பறக்கும் ரயிலைப் பிடித்துப் பெருங்குடிக்கு வேலைக்குப் போவார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படிக்கிற வேலை அலுவலகத்தோடு முடியாது அவருக்கு. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்தாக வேண்டும். தண்ணீர் கேனில் ஒட்டிய சீட்டு, கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர், பேருந்துச் சீட்டின் பின்பக்கம். ஒருமுறை மாட வீதிக்கு இருவரும் காய்கறி வாங்கப் போனோம். திருவிழாப் பந்தலில் ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதில் எழுதியிருந்த உபயதாரரின் பெயரை, அவருடைய பிள்ளைகள் பேரன்கள் பெயர்வரை படித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"யாரோ கஷ்டப்பட்டு எழுதியிருக்காங்க, வருண் அம்மா. ஒருத்தராவது படிக்கணும் இல்ல?"

மனத்துக்குள் படிக்கவும் மாட்டார். சத்தமாகத்தான். ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாத குரல். சாவுச் செய்தியையும் சமையல் குறிப்பையும் ஒரே மாதிரி படிப்பார். படிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் நடக்காது. புருவம் அசையாது. 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்கிற முகம்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்குத் தலைப்பே போதும். ஒரு நாள் கீழே அறிவிப்புப் பலகையில் 'தண்ணீர் வராது' என்று பார்த்துவிட்டு ஓடிவந்து குடம், அண்டா, குக்கர், பால் பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து நிரப்பிவிட்டேன். மாலையில் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வருண் அம்மா, அது பக்கத்து பில்டிங் நோட்டீஸ். வாட்ச்மேன் மாத்தி ஒட்டிட்டாரு. மேலயே பேர் போட்டிருக்கு."

சொல்லிவிட்டு, கூடத்தில் வரிசையாக நின்ற பாத்திரங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும்.

நான் தி. நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. அவர்கள் பெருக்கல் குறியைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவரும் படித்ததில்லை. நின்று படிக்க ஆரம்பிப்பவரைப் பார்த்தால் பின்னால் வரிசையில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இந்தக் குணத்தோடுதான் நான் வீட்டுக் கணினியின் முன்னாலும் உட்கார்ந்தேன்.

அந்தக் கணினி வருண் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது வாங்கியது. என் கணவர் விற்பனை வேலையில் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வீட்டுக்குள் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். கொசுவுக்கு வலை, திருடனுக்கு இரும்புக் கதவு, கணினிக்கு வைரஸ் தடுப்பு. அலுவலகத்தில் ஒருவர் நல்லது என்று ஒன்றைச் சொன்னார், இலவசம், இறக்கிப் போட்டேன். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ ஒருவரின் படங்களெல்லாம் பூட்டப்பட்டுப் பணம் கேட்கிறார்கள் என்று வந்தது. அன்றைக்கு இன்னொன்று, அதுவும் இலவசம். பிறகு ஒரு நாள் திரையின் மூலையில், உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று தானாகவே ஒரு பெட்டி எழுந்தது. அதையும் அமுக்கினேன். காசு கேட்டிருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.

வருணின் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று கணினி நின்றுபோனது. அணைந்துபோகவில்லை. திரையில் எல்லாம் தெரிகிறது, எதுவும் நகரவில்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வருண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் கத்தினேன். யாரைப் பார்த்து என்று தெரியாமல் கத்தினேன்.

"அம்மா, நீ கத்தாம இரு. நான் மேல ஆன்ட்டிய கூப்பிடறேன்."

அவன் வாயிலிருந்து 'மேல ஆன்ட்டி' என்பது அவ்வளவு இயல்பாக வந்தது. அதுவரை எத்தனை முறை மேலே போயிருக்கிறான் என்று நான் யோசித்ததே இல்லை.

கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க அப்படியே இறங்கி வந்தார். முதலில் தன் மடிக்கணினியை வருணிடம் கொடுத்து, "நீ இதுல விண்ணப்பத்த முடி" என்றார். பிறகு எங்கள் கணினியின் முன்னால் உட்கார்ந்து அது அசைகிறவரை பொறுமையாக இருந்தார். அசைந்ததும், நான் நிறுவிவைத்தவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார்.

"மூணு வாட்ச்மேன் போட்டிருக்கீங்க."

"பாதுகாப்புக்குத்தான்."

"ஒவ்வொரு ஃபைலையும் மூணு பேரும் பிடிச்சு இழுக்கறாங்க. இவன் தொட்டத அவன் சந்தேகப்படறான். அவன் பூட்டி வெச்சத இவன் திருட்டுப் பொருள்னு சொல்றான். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. வீட்டுக்காரன் உள்ள போக முடியல."

வருண் சிரித்தான். விண்ணப்பம் போகுமா போகாதா என்று இருந்த நேரத்தில், தலையில் கைவைத்திருந்தவன் சிரித்தான்.

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும், வருண் அம்மா."

அதை அவர் கணினிக்காகத்தான் சொன்னார். நான்தான் வேறு எதற்கோ வாங்கி வைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நீக்குகிற வேலை அன்றுதான் நடந்தது. அதைப் பார்க்க வேண்டும். ஒன்றை நீக்கப் போனால் அது கெஞ்சுகிறது. நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா, இனி உங்களை யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்கிறது. என் கை தானாகவே 'வேண்டாம், இருக்கட்டும்' என்று எழுதியிருந்த பெரிய பச்சைப் பொத்தானுக்குப் போனது.

"கொஞ்சம் இருங்க. பெரிசா பச்சையா இருக்கறது அவங்களுக்கு வேணும்கற பதில். உங்களுக்கு வேணும்கறது கீழ சாம்பல் கலர்ல, பொடி எழுத்துல இருக்கும். எங்க கம்பெனிலயும் அப்படித்தான். பேரு பெரிசா இருக்கும், பக்கவிளைவு சின்னதா இருக்கும்."

மூன்றும் போன பிறகு, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. நானாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். அவர் ஒவ்வொன்றின் நிபந்தனைகளையும் திறந்து, நீளநீளமான பக்கங்களை, எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தார். நான் சாம்பார் வைத்து, பொரியல் முடித்து, அப்பளமும் பொரித்துவிட்டேன். வாசிப்பு நிற்கவில்லை.

"ஆன்ட்டி, இதெல்லாம் யாராவது படிப்பாங்களா?"

"நான் படிக்கிறேனே."

"போர் அடிக்கலயா?"

"இலவசம்னு மேல போட்டிருக்கான்டா. பதிலுக்கு என்ன எடுத்துக்கறான்னு கீழதான் போட்டிருப்பான். இதோ பாரு. நீ எந்தெந்த தளத்துக்குப் போறியோ அந்த விவரத்த 'எங்கள் கூட்டாளிகளோடு பகிரலாம்'ங்கறான். யார் கூட்டாளின்னு போடல."

"ஐயோ!" என்றேன் நான் சமையலறையிலிருந்து.

"பயப்பட ஒண்ணுமில்ல. வேண்டாம்னு விட்டுடலாம், அவ்வளவுதான்."

இன்னொன்று நல்லது, ஆனால் நாள் முழுக்கச் சிவப்புப் பெட்டி காட்டிப் பணம் கட்டும் பதிப்புக்கு மாறச் சொல்லுமாம். "காவலுக்கு வந்தவன் கத்திக்கிட்டே இருந்தா அவன் வியாபாரி" என்றார். கடைசியில், கணினியோடு கூடவே வருகிற பாதுகாப்பே உங்கள் வீட்டுக்குப் போதும் என்று முடித்தார். அதை அணைக்காமல் இருக்க வேண்டும், புதுப்பிப்பு கேட்டால் தள்ளிப்போடக் கூடாது, வாரம் ஒருமுறை முழுவதும் சோதிக்கச் சொல்ல வேண்டும், படங்களையும் பாடங்களையும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி வைக்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு காலைப்பொழுதா என்று எனக்குத் தோன்றியது. வருண் மட்டும் ஒரு நிமிடம்கூட எழுந்திருக்கவில்லை. என்னோடு ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்தவனில்லை அவன்.

சாப்பிடச் சொன்னேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். அப்பளக் கவரைத் திருப்பி அதையும் படித்தார்.

அடுத்து நடந்தது சிவப்புத் திரை. சமையல் குறிப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. சங்கு ஊதுகிற சத்தம். கணினி பூட்டப்பட்டுவிட்டது, அணைத்தால் எல்லாம் அழியும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஒரு பெண் குரல். எண்ணைப் பாதி அமுக்கிவிட்டேன். வருண் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அவர் வந்து அந்தச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே, அதே குரலில், மேலிருந்து கீழ்வரை படித்தார். 'உங்கள் வங்கி விவரங்கள் திருடப்பட்டுக்கொண்டிருக்கின்றன' என்பது 'உணவுக்குப் பின் உட்கொள்ளவும்' என்பதுபோல இருந்தது. படிக்கப் படிக்க அந்தத் திரை சின்னதாகிக்கொண்டே போனது. கடைசி வரிக்கு வந்தபோது அது ஒரு பிட் நோட்டீஸ்.

"இது வெறும் வெப்சைட் பக்கம். மூடிட்டா போயிடும்" என்று மூடினார். போய்விட்டது. சங்கும் நின்றது.

அன்றைக்கு வருண் அவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். சின்ன வயதில் இடி இடித்தால் என் முந்தானைக்குள் வந்து ஒளிந்துகொண்டு என்னை அப்படித்தான் பார்ப்பான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவன் சாப்பாடு குறைந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்பான். நான் ஒன்றுமில்லை என்பதை நம்புகிறவள் இல்லையாதலால் கேட்டுக்கொண்டே இருந்தேன். பரீட்சையா, யாராவது அடித்தார்களா, காதலா. டாக்டரிடம் அழைத்துப் போனேன். சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு கணினியோடு இருக்கிறானே, அதில்தான் ஏதாவது புகுந்திருக்கும் என்று, அவன் பள்ளிக்குப் போனபின் முழுச் சோதனையை ஓடவிட்டேன். பச்சை நிறத்தில் பதில் வந்தது. அச்சுறுத்தல் எதுவும் கண்டறியப்படவில்லை. நிம்மதியாக அலுவலகம் போனேன்.

பிறகு அவனே சரியாகிவிட்டான். டானிக் வேலை செய்தது என்று நினைத்தேன்.

உண்மை எனக்குக் கோடையில்தான் தெரிந்தது, அதுவும் வாட்ச்மேன் சொல்லி. அவருக்கு ஆற்றங்கரையில் வீடு இருந்தது. இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவர். எப்போதும் பால்கனியிலேயே துணி காயவைக்கிற நான் அன்று மொட்டை மாடிக்குப் போய், கதவில் புதிதாகப் பூட்டு தொங்குவதைப் பார்த்து, அவரிடம் சாவி கேட்டேன்.

"மூணாவது மாடி அம்மாகிட்ட கீது மேடம். அதுதான் பூட்டு வாங்கியாந்து குட்த்துச்சு. மழ நேரத்துல உன் புள்ள மேல தனியா நின்னுகினு இருந்தானே, அப்பால."

"எங்க நின்னான்?"

"கைப்பிடிச் செவுத்தாண்ட. இன்னா மேடம், உனுக்குத் தெரியாதா? நனைஞ்சிகினே நிக்கறான், நான் கூப்டேன், திரும்பல. அந்தம்மா போயி கூட்டுகினு வந்துச்சு. பயந்துட்டேன் மேடம் நானு."

நான் கையில் ஈரத்துணி வாளியோடு நின்றேன். அந்த வாளியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. நேராக மூன்றாம் மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். அவர் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். உள்ளே கூப்பிடாமல், வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"என் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

சொன்னார். எப்போதும்போல, முதலிலிருந்து கடைசிவரை.

வருணுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. உன் கணினிக்குள் புகுந்துவிட்டேன், கேமரா வழியாக உன்னைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறேன், பணம் அனுப்பாவிட்டால் உன் வீட்டுக்கும் பள்ளிக்கும் அனுப்புவேன் என்று. ஆதாரமாக அவனுடைய கடவுச்சொல்லையே அதில் எழுதியிருந்தார்களாம். கடவுச்சொல் சரியாக இருந்தது. குழந்தை அதை நம்பிவிட்டது. அப்படி எதுவும் செய்யாதவன்கூட, எதைப் பார்த்திருப்பார்களோ என்று யோசித்து யோசித்தே பாதி செத்துப்போவான்.

"மாடில அவன் பக்கத்துல போயி நின்னேன். என்னடான்னு கேக்கல. 'போன்ல ஏதாச்சும் வந்திருக்கா? குடு, படிக்கிறேன்'னேன். குடுத்தான்."

"நீங்க படிச்சீங்களா?"

"சத்தமா படிச்சேன். மழையில நின்னுகிட்டே. முழுசும். அதுல கொஞ்சம் அசிங்கமால்லாம் எழுதியிருந்தான். அதையும் விடல. முடிச்சிட்டுக் கேட்டேன், 'இதுல உன் பேர் எங்கடா இருக்கு?'ன்னு. வாங்கிப் பார்த்தான். எங்கயும் இல்ல. 'இத்தன நாளா உன்னையே பார்த்துக்கிட்டிருக்கேன்னு சொல்றவனுக்கு உன் பேர் தெரியலையே'ன்னேன்."

"அந்தக் கடவுச்சொல்?"

"எட்டாவதுல ஏதோ விளையாட்டு தளத்துக்கு வெச்சதாம். அந்தத் தளத்துலேர்ந்து யாரோ மொத்தமா திருடியிருக்காங்க. ஊர் பூரா ஒரே லெட்டர அனுப்பறாங்க. யார் பயப்படறாங்களோ அவங்க கட்டுவாங்க. எல்லாத்தையும் மாத்தினோம். கேமரா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம், அவன் மன நிம்மதிக்கு. கீழ வந்து சூடா ஓவல்டின் குடிச்சான்."

என் வீட்டில் அவன் பால் வாடையே ஆகாது என்பான்.

"என்கிட்ட ஏன் சொல்லல? பெத்தவ நான்தானே?" என் குரல் மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கும்.

"'நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா'ன்னு அன்னிக்கே கேட்டேன். 'நானே சொல்றேன் ஆன்ட்டி'ன்னான். அடுத்த வாரம் கேட்டப்போ சொல்லிட்டேன்னான். உங்ககிட்ட நான் திரும்பவும் கேட்டிருக்கணும்." முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது என் தப்பு, வருண் அம்மா."

மன்னிப்புக் கேட்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கீழே வந்து வருணிடம் போட்டேன். ஏன்டா, ஏன்டா என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவன் சொன்னான்.

"உன்கிட்ட எத சொன்னாலும் உன் முகம் மாறிடும்மா. அத பார்த்தா எனக்கு இன்னும் பயமாயிடும். ஆன்ட்டி முகம் மாறவே இல்ல. அவ்ளோ அசிங்கத்த படிக்கும்போதும் மாறல."

அன்றிலிருந்து நான் கண்ணாடி பார்ப்பது கூடிவிட்டது. தலை வாரும்போது என் முகத்தை நானே வேவு பார்ப்பேன். பால் பொங்கினால், அழைப்பு மணி இருமுறை அடித்தால், அது எப்படி ஓடி ஓடி மாறுகிறது என்று பார்ப்பேன். அவர் படியிறங்கிப் போகும்போது கதவிடுக்கில் அவர் முகத்தையும் பார்ப்பேன். அழகி என்று சொல்ல முடியாது. நகை கிடையாது. அந்த அசையாத தன்மை ஒன்றுதான். ஒருத்திக்கு நகை இருந்தால் அதேபோல வாங்கிவிடலாம். இதை எந்தக் கடையில் வாங்குவது? பிள்ளை பெறாத முகம், அதனால்தான் அசையவில்லை என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. நனைந்துகொண்டு சுவரருகே போய் நின்றபோது அவர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்? மறுநாளே பூட்டு வாங்கி வந்திருக்கிறாரே.

நன்றி சொல்லப் பலமுறை மேலே போனேன். ஒருமுறை அடை எடுத்துப் போனேன், ஒருமுறை மல்லிகைப்பூ. கொடுத்துவிட்டு வானிலை பேசிவிட்டு இறங்கிவிடுவேன். 'என் பிள்ளையைக் காப்பாற்றினீர்கள்' என்று சொன்னால், காப்பாற்றியது நான் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடுமே. நாக்கு அங்கேயே நின்றுவிடும். அவரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வருண் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்த வருடமே அவரும் கிளம்பினார். தூத்துக்குடியில் அக்கா தனியாக இருக்கிறார், வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்றார். சாமான் ஏற்றும் வண்டி வந்தது. அவர் வண்டிக்காரர்களின் நிபந்தனைத் தாளை வாசலில் நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். கூலியாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "பார்த்துப் போயிட்டு வாங்க" என்றுதான் வந்தது.

அந்தச் சாவி இன்னும் என் சாமி அலமாரியில் இருக்கிறது. மேலே கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டால் இன்றும் என் கால் தானாகப் படியேறப் போய்விடும். வருண் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விடுதியில் இருக்கிறான் என்பது கால்களுக்குத் தெரிவதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அவனிடமிருந்து அழைப்பு வந்தது. வீடியோ அழைப்பு. அவன் எனக்கு அப்படி அழைப்பதே இல்லை. எடுத்தேன். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். பதறாத."

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிந்தது. அது மாறத் தொடங்கியிருந்தது. உதடு கீழே இழுத்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பிடித்து நிறுத்தினேன். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை அழுத்திப் பிடிப்பதுபோல.

"சொல்லு."

அவன் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். போலீஸ் என்று ஒருவன் போனில் பேசினானாம். அறையை விட்டு வெளியே போகாதே, யாரிடமும் சொல்லாதே, நீ இப்போது காவலில் இருக்கிறாய் என்றானாம். வருண் இணைப்பைத் துண்டித்துவிட்டான். உடனே முத்திரையெல்லாம் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்குள் ஆயிரம் கேள்விகள் முட்டின. மூலையில் என் முகத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"அந்த லெட்டர் கையில இருக்கா?"

"போன்ல இருக்கும்மா."

"படி. சத்தமா. முதல்லேர்ந்து, எதையும் விடாம."

அவன் படித்தான். முதலில் குரல் உடைந்து உடைந்து வந்தது. சட்டப் பிரிவுகள், முத்திரை, அதிகாரி பெயர். நான் 'ம்' கொட்டினேன். இடையில் நிறுத்தப் பார்த்தான். "மேல படி" என்றேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்கு வந்தபோது நின்றான்.

"அம்மா... கைது நடவடிக்கைய நிறுத்தறதுக்குக் கட்டணமாம். அதுக்கு ஜி.எஸ்.டி.யும் போட்டிருக்கான்."

"எந்த ஊர்ல கைதுக்கு ஜி.எஸ்.டி. போடறாங்க?"

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே வார்டனிடம் போய்ச் சொல், அந்த எண்ணைப் புகார் செய், அழித்துவிடாமல் எல்லாவற்றையும் வைத்திரு என்றேன். சரி சரி என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

"நீ கத்தவே இல்லம்மா."

அந்தப் பேச்சை அங்கேயே முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "ஆன்ட்டிகிட்ட சொன்னியா?" என்று கேட்டுவிட்டேன்.

"முதல்ல அவங்களுக்குத்தான் போட்டேன்மா. ரெண்டு தடவ. எடுக்கல. அதான் உனக்குப் போட்டேன்."

அழைப்பு முடிந்து திரை கறுத்தது. டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருந்தது.

போன் அடித்தால் பெயரைப் பார்த்து உடனே எடுக்கிறவர் அவர். வருண் பெயரைப் பார்த்தும் எடுக்காமல் இருந்ததில்லை. கூட்டத்தில் இருந்தாரா, அக்காவோடு மருத்துவமனையில் இருந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

மழையில் என் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வந்தவருக்கு, இத்தனை நாளில் என்னால் ஒரு நன்றி சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அந்தப் போனை எடுக்காமல் விட்டவருக்கு, சாப்பாட்டு டப்பாவின் முன்னால் உட்கார்ந்து, மனதார நன்றி சொன்னேன்.